திரும்பப் போட்ட சீட்டு

நீ பள்ளிபாளையமா அம்மிணி? இல்லையா. சரி. பவானியில், குமாரபாளையத்தில் சொந்தபந்தம் யாராவது உண்டா? யாருமில்லை. கோயம்புத்தூரில் வேலை, ஈரோட்டுக்குக் கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாய். அப்படியென்றால் என்னையும் உனக்குத் தெரியாது, என் தங்கச்சியையும் தெரியாது. நல்லதாகப் போயிற்று. ஜன்னல் பக்கம் நீயே உட்கார்ந்துகொள். உன் கையால் எனக்கு ஒரு சின்ன வேலை ஆக வேண்டியிருக்கிறது. பயப்படாதே, பணங்காசு கேட்க மாட்டேன். அவிநாசி தாண்டினதும் சொல்கிறேன். அதற்கு முன்னால் விஷயம் இன்னதென்று கேட்டுக்கொள். விஷயம் தெரியாமல் ஒருத்தர் கையைக் கேட்கக் கூடாது.

மடியில் இருக்கிற டப்பாவைப் பார்க்கிறாயா? பால்மாவு டப்பா. மேலே இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து தகரமாகிவிட்டது. முப்பத்தோரு வருஷம் இதை வைத்துத்தான் குலுக்கல் சீட்டு நடத்தினேன். பூரணக்கா சீட்டு என்றால் எங்கள் லைன் வீட்டு வரிசையில் தறி ஓட்டுகிற பொம்பளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். இருபது பேர், இருபது மாதம். ஐந்தாம் தேதியானால் எல்லாரையும் உட்கார வைத்து, பேர் எழுதின சீட்டைச் சுருட்டிப் போட்டு, குலுக்கி, வழியில் போகிற யாராவது ஒருத்தரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வேன். சீட்டில் சேராத கையாக இருக்க வேண்டும், யாருக்கும் சொந்தமில்லாத கையாக இருக்க வேண்டும். தயிர்க்காரர் எடுத்திருக்கிறார். கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் எடுத்திருக்கிறார். யார் பேர் வந்ததோ அவளுக்கு அந்த மாதப் பணம். வந்த சீட்டை அங்கேயே, எல்லார் கண் முன்னாலும், இரண்டாகக் கிழித்துவிடுவேன்.

ஏன் கிழிப்பேன்? எடுத்த சீட்டு திரும்பவும் டப்பாவுக்குள் போனால் ஒருத்திக்கு இரண்டு தடவை விழும், இன்னொருத்திக்கு விழாமலே போகும். சீட்டுத் தொழிலில் அதைவிடப் பெரிய திருட்டு கிடையாது. பக்கத்து லைனில் ஒருத்தி அப்படிச் செய்து மாட்டிக்கொண்டாள். அவளை ஊரைவிட்டே துரத்தினோம். முன்னால் நின்று துரத்தினதே நான்தான்.

இதை மனசில் வைத்துக்கொள்.

என் தங்கச்சி பேர் மரகதம். என்னைவிட ஏழு வயது இளையவள். எங்கள் அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது. அன்றிலிருந்து அவளுக்குத் தலை பின்னினது நான், மாப்பிள்ளை பார்த்தது நான். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். காலையில் அவள் வீட்டில் கடுகு பொரிகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு விடியும். அவள் வீட்டுக்காரர் துரைசாமி, எட்டுத் தறி போட்ட சொந்தத் தறிக்குடோன் வைத்திருந்தார். நெஞ்சுவலியில் போய்விட்டார். குடோனையும் தறியையும் விற்றதில் மரகதம் கைக்கு வந்தது பதினெட்டு லட்சம்.

அந்தப் பதினெட்டு லட்சம் நின்றால் அவள் யாரையும் எதிர்பார்க்காமல் என் பக்கத்து வீட்டிலேயே இருப்பாள். நிற்கவில்லையென்றால் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பணத்தில் எனக்கு வேறு அக்கறை கிடையாது. அவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மகன் பூபதி நல்ல பையன். வாயில்லாத பையன். அவன் கட்டிக்கொண்டு வந்தானே நிரஞ்சனா, அவளுக்குத்தான் வாய். முதலீட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை. ஊரான் பணத்தை எங்கே போட்டால் எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போடுகிற வேலையாம். இதற்கு ஒரு சம்பளம். எங்கள் காலத்தில் இதைப் பயப்படுகிறது என்பார்கள், சும்மாவே செய்தோம்.

போன வருஷம் தை மாதம் அந்தப் பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மரகதம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தாள். "பெரியத்தை, நீங்களும் வாங்க. நீங்க சொன்னாத்தான் அத்தை கேட்பாங்க" என்று கூப்பிட்டாள். அதையாவது தெரிந்து வைத்திருந்தாளே.

பணம் போட ஐந்து இடம் சொன்னாள். தங்கம், பேங்கு டெபாசிட், கவர்மெண்ட் பத்திரம், பெரிய கம்பெனிப் பங்கெல்லாம் சேர்த்த ஒரு ஃபண்டு, சின்னக் கம்பெனிப் பங்கெல்லாம் சேர்த்த இன்னொரு ஃபண்டு. ஐந்து வருஷத்துக்கு, அறுபது மாதத்துக்கு, எந்த மாதம் எது எவ்வளவு ஏறினது, இறங்கினது என்று எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தது. பட்டனை அழுத்தினாள். சின்னக் கம்பெனி ஃபண்டுதான் முதலில் வந்தது. இரண்டாவதற்கும் அதற்கும் அவ்வளவு தூரம்.

"அப்பறம் என்ன, அதுலயே போட்டுரலாம்" என்றேன்.

"அங்கதானுங்க பெரியத்தை தப்பு நடக்குது" என்றாள். "கம்ப்யூட்டர் போன அஞ்சு வருசத்த அப்படியே நம்புது. அதனால மொத்தத்தையும் ஒரே எடத்துல போடச் சொல்லுது. அந்த அஞ்சு வருசமே கொஞ்சம் முன்னப்பின்ன நடந்திருந்தா வேற எடத்தச் சொல்லியிருக்கும்."

"நடந்ததுதான் நடந்து முடிஞ்சுதே. அப்பறம் என்ன முன்னப்பின்ன?"

"நடந்தது ஒரு தடவதானுங்களே. ஒரு தடவ வந்தத மட்டும் வெச்சு எப்படி முடிவு பண்றது?"

பேச்சைப் பார்த்தாயா. எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, "உங்க வழியிலயே காட்டறேன்" என்று அறுபது துண்டுக் காகிதம் வெட்டினாள். ஒரு துண்டு ஒரு மாதம். அந்த மாதம் ஐந்து இடத்திலும் நூறு ரூபாய்க்கு என்ன ஆனது என்று அதில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு அலமாரியைப் பார்த்தாள். இந்த டப்பா மரகதம் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். சீட்டு நடத்துகிறதை நிறுத்தின பிறகு அங்கே வைத்திருந்தேன், சாமி படத்துக்குப் பக்கத்தில். எடுத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, சின்னப் பெண் என்று விட்டேன். சீட்டை உள்ளே போட்டாள், குலுக்கினாள், ஒன்று எடுத்தாள், நோட்டில் குறித்தாள். குறித்த கையோடு அந்தச் சீட்டைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டாள் அம்மிணி.

தெரியாமல் போட்டாளோ என்று பார்த்தேன். அடுத்ததையும் எடுத்தாள், குறித்தாள், உள்ளே போட்டாள். என் டப்பாவில். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு சீட்டு உள்ளே திரும்பாத டப்பாவில்.

"என்ன பண்ற நீ?"

"திரும்பப் போட்டாத்தானுங்க கணக்கு. இல்லாட்டி அர்த்தமே இல்ல."

இப்படி அறுபது தடவை. அதில் ஊரடங்கு போட்ட மாதம், கம்பெனியெல்லாம் படுத்த மாதம், அந்த ஒரு சீட்டு மூன்று தடவை வந்தது. செத்த மாதம் மூன்று தடவை வருமா? நோட்டில் மூன்று தடவையும் எழுதினாள். நல்ல மாதம் எத்தனையோ டப்பாவுக்கு அடியிலேயே கிடந்தது, கை படவே இல்லை. கூட்டிப் பார்த்தால் தங்கம் முதல். மறுபடியும் அறுபது எடுத்தாள். இந்தத் தடவை பெரிய கம்பெனி. ஒரே டப்பா, அதே சீட்டு, தடவைக்கொரு பதில்.

"இந்த மாதிரி ஆயிரம் தடவ கம்ப்யூட்டர் எடுத்துப் பாத்திருக்குதுங்க. ஒவ்வொரு தடவயும் எது எது எவ்வளவு வேணும்னு கேட்டு, எல்லாத்துக்கும் சராசரி எடுத்திருக்கேன். இதுதான் அது" என்று ஒரு காகிதம் நீட்டினாள். தங்கத்தில் கொஞ்சம், டெபாசிட்டில் கொஞ்சம், பத்திரத்தில் கொஞ்சம், இரண்டு ஃபண்டிலும் கொஞ்சம் கொஞ்சம். ஜவுளிக்கடைக்குப் போய் எல்லாச் சேலையிலும் ஒரு முழம் கிழித்துக்கொண்டு வந்த மாதிரி. எதைக் கட்டுவது?

"எந்தத் தடவ வந்தது நெசம்?" என்று கேட்டேன்.

"எதுவுமே முழு நெசம் இல்லீங்க பெரியத்தை. அதத்தான் சொல்ல வர்றேன்."

அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள் பார். மரகதம் பாவம், "என்னமோ சாமி, படிச்ச புள்ள சொல்லுது" என்றாள். சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் லைனில் ஆறு பேரைக் கூப்பிட்டேன். என்னிடம் வருஷக்கணக்காகச் சீட்டுப் போட்டவர்கள், நியாயம் தெரிந்தவர்கள். அதே அறுபது சீட்டு, அதே டப்பா. மரகதத்தைக் குறிக்கச் சொன்னேன். நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன், ஆனால் கூட்டலில் என்னை யாரும் ஏய்க்க முடியாது. ஒரு சீட்டை எடுத்தோம், குறித்தோம், ஓரமாக வைத்தோம். உள்ளே போடவில்லை. முறையாகச் செய்தோம். அறுபதும் முடிந்தது, கூட்டினேன். சின்னக் கம்பெனி முதல். எல்லாச் சீட்டையும் மறுபடி போட்டு, குலுக்கி, இரண்டாம் ஆட்டம். கூட்டினேன். அதே சின்னக் கம்பெனி. அதே கூட்டல். மூன்றாவது, நாலாவது. நாலு தடவையும் ஐந்து காசு மாறவில்லை அம்மிணி. வந்த பொம்பளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு நானே போன் போட்டேன். மரகதத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, ஆறு பேரையும் கேட்கச் சொன்னேன்.

நாலு ஆட்டத்துக் கூட்டலையும் படித்துக் காட்டினேன். அதற்கு அவள், "பெரியத்தை, அறுவது சீட்டையும் எடுத்துட்டா எந்த வரிசையில எடுத்தாலும் கூட்டல் ஒண்ணுதானுங்களே வரும்" என்றாள்.

"அதத்தான் கண்ணு நானும் சொல்றேன். நெசம்னா ஒண்ணுதான் வரும். உனக்குத்தான் தடவைக்கொண்ணு வருது."

ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள். "அத்தைகிட்டக் குடுங்க" என்றாள். போன் மரகதம் கையில்தான் இருந்தது. "அத்தை, பாதியவாவது டெபாசிட்டுல போடுங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்." மரகதம் என்னைப் பார்த்தாள். "அக்கா, பாதி போட்டா என்ன?"

"உனக்குத் தல பின்னினது அவளா நானா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஈரோட்டில் ஏஜெண்டிடம் போனோம். அவன்கூட, "மொத்தமுமாங்கம்மா?" என்று இரண்டு தடவை கேட்டான். இவனும் அவளிடம் பேசிவிட்டானோ என்று எனக்குச் சந்தேகம். மொத்தமும்தான் என்றேன். மரகதம் கையெழுத்துப் போட்டாள். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் ஏறினது, தெரியுமா? அதைச் சொல்ல யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் பூபதிக்குப் போன் போட்டுச் சொன்னேன், "உன் பொண்டாட்டியக் கேளு" என்று.

அப்புறம் இறங்கினது. ஆனியில் இறங்கினது, ஆடியில் இறங்கினது. வீட்டுச் செலவுக்கு மாதம் பன்னிரண்டாயிரம் இதிலிருந்துதான் மரகதம் எடுத்தாக வேண்டும். இறங்கின பணத்திலிருந்து எடுக்க எடுக்க இன்னும் கரையும் என்று யார் கண்டது? மரகதம் போனை என்னிடம் காட்டுகிறதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "இருக்குதக்கா" என்பாள். எனக்குக் காது நல்ல காது. ஆவணியில் ஒரு நாள் காலையில் விழித்துப் படுத்திருக்கிறேன், கடுகு பொரிகிற சத்தம் வரவில்லை. மறுநாளும் இல்லை. போய்ப் பார்த்தால் பழைய சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். "வயித்துக்கு இதுதான் நல்லாருக்குது" என்றாள்.

ஐப்பசியில் கணக்குப் பார்த்தார்கள். பத்தரை லட்சம்.

பூபதி அன்றைக்குத்தான் வாய் திறந்தான். "நிரஞ்சனா சொன்ன மாதிரி பிரிச்சுப் போட்டிருந்தா, அம்மா செலவுக்கு எடுத்தது போகப் பதினேழு இருந்திருக்கும் பெரியம்மா" என்றான். பதினேழு. அப்போது அதுவும் பதினெட்டிலிருந்து குறைந்ததுதானே? அதைச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறான்.

என்னைக் கேட்டால் காரணம் ஒன்றே ஒன்றுதான். இந்த டப்பா. முப்பத்தோரு வருஷம் சுத்தமாக இருந்த டப்பாவில் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டாள், அன்றைக்கே விளங்காமல் போய்விட்டது. இதை லைனில் சொன்னேன். ஆறு பேரில் நாலு பேர் ஒத்துக்கொண்டார்கள். மற்ற இரண்டு பேரோடு நான் பேசுகிறதில்லை.

மரகதத்தைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போகக் காரை எடுத்துக்கொண்டு அவளே வந்தாள். மரகதத்தின் துணிமணி, மாத்திரை, சாமி படம் எல்லாம் கட்டினாள். சரி, இப்போது திட்டுவாள், நாமும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாசலில் நின்றேன். ஒரு வார்த்தை? கிடையாது. "உங்க மேல தப்பில்லீங்க பெரியத்தை. நல்லதுக்குத்தான் பண்ணுனீங்க. நீங்களும் எங்ககூட வந்துருங்க, ஒரு ரூம் சும்மாதான் இருக்குது" என்றாள். எவ்வளவு அழுத்தம் பார். திட்டினால் சண்டை போடலாம். இப்படிப் பேசுகிறவளை என்ன செய்வது? "நான் எதுக்கு அங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டேன். டப்பாவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நாலு மாதமாகிறது. அந்த வீட்டில் இப்போது ஒரு வடநாட்டுக் குடும்பம் குடியிருக்கிறது. நல்ல ஜனங்கள்தான். என்னமோ எண்ணெயில் தாளிக்கிறார்கள், எனக்கு அந்தச் சத்தம் பழகவில்லை.

மீதியிருந்த பத்தரை லட்சத்தை அந்தப் பெண் அவள் காகிதப்படியே பிரித்துப் போட்டுவிட்டாள். மாதம் ஆறாயிரம் எடுத்தால் தாங்குமாம், மேலே தேவைப்படுவதைப் பூபதி அனுப்புவானாம். "அத்தை எங்க இருக்கணும்னு ஆசைப்படறாங்களோ அங்க இருக்கட்டும்" என்றாளாம். பெரிய மனசு மாதிரி. ஆறாயிரத்தில் லைன் வீட்டு வாடகை போக என்ன நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன, என் வீட்டில் ஒரு உலை வைத்தால் இரண்டு பேருக்கு ஆகும். இதை நான் அந்தத் தை மாதமே சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

போன வாரம் மரகதத்திடம் நேரடியாகவே கேட்டேன். "வர்றயா, இல்லையா?"

"எனக்கே தெரியலக்கா" என்றாள். "இங்கயும் நல்லாத்தான் இருக்குது. அந்தப் புள்ள முட்டிக்கு எண்ணெய் தேச்சுவிடுது. நீ அங்க தனியா இருக்கறத நெனச்சாலும் சோறு எறங்கல." போனில் பின்னால் கடுகு பொரிகிற சத்தம் கேட்டது. நன்றாகத்தான் பொரிந்தது. "நீயே சீட்டுப் போட்டுப் பாருக்கா. எது வருதோ அப்படியே செய்யலாம்."

"சரி."

"தெரியாத கையா இருக்கோணும்."

"எனக்கே சொல்றயா?"

"ஒரு தடவதான்க்கா. எடுத்ததத் திரும்பப் போடக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

யாரிடம் என்ன சொல்கிறாள் பார்த்தாயா? என்னிடம். கூடப் பிறந்தவள். இதெல்லாம் அந்த வீட்டுத் தண்ணீர் பேசுகிற பேச்சு.

அவிநாசி தாண்டியாயிற்றா? சரி. இதோ பார், இரண்டே சீட்டு. ஒன்றில் பள்ளிபாளையம், ஒன்றில் கோயம்புத்தூர். இரண்டும் ஒரே நோட்டில் கிழித்தது, ஒரே அளவு. பள்ளிபாளையம் வந்தால் இன்றைக்கே அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு திரும்புகிறேன். கோயம்புத்தூர் வந்தால் அவள் அங்கேயே இருக்கட்டும், ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு நான் அடுத்த பஸ் ஏறுகிறேன். உனக்கு எதிரே குலுக்குகிறேன். கையைத் துடைத்துக்கொள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு எடு.

பிரி. நீயே படி, எனக்குக் கண்ணாடி பைக்கு அடியில் இருக்கிறது.

கோயம்புத்தூரா.

சரியாகப் பார்த்தாயா? கொடு இப்படி.

ம். கோயம்புத்தூர்தான்.

கிழிக்கிறேன், கிழிக்கிறேன். என்ன அவசரம். கண்டக்டர் அந்த நேரம் பார்த்து உன் தோளில் இடித்துக்கொண்டு போனாரே, நீ கவனித்தாயா? நான் கவனித்தேன். பஸ்ஸும் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. ஓடுகிற வண்டியில் நான் சீட்டுக் குலுக்கினதே கிடையாது. உட்கார்ந்த இடத்தில் குலுக்கித்தான் பழக்கம்.

நீ படித்த பெண், நீயே சொல்லு அம்மிணி. இரண்டு பேர் சாகிற வரைக்கும் எங்கே கிடப்பது என்கிற விஷயம். ஒரு தடவை வந்ததை மட்டும் வைத்து எப்படி முடிவு பண்ணுவது?

இந்தா, சுருட்டி உள்ளே போடு. நான் நன்றாகக் குலுக்குகிறேன். எடு.